உச்சியில் பனி! அடிவாரத்தில் புல்!

ஏப்ரல் மாதம். ஐரோப்பாவில், ஆல்ப்ஸ் மலைத் தொடரில் ஒரு சிற்றூர். ஈஸ்டர் விடுமுறையைக் கழிக்க ஒரு குடும்பம் அங்கே வந்து இறங்குகிறது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். நால்வரில் ஒருவர்கூட இதுவரை பனியில் சறுக்கியது இல்லை. இந்த ஒரு வாரத்தில் எப்படியும் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்று ஆசை.

ஓராண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். ரெயில் டிக்கெட் எடுத்தாயிற்று. ஓட்டலுக்கு முன்பணம் கட்டியாயிற்று. சறுக்குக் கட்டைக்கும் பூட்சுக்கும் வாடகை கொடுத்தாயிற்று.

மறுநாள் பொழுது விடிகிறது. குழந்தைகள் ஓடிப்போய் ஜன்னலைத் திறக்கிறார்கள். எதிரே மலை உச்சி. வெள்ளியை உருக்கி வார்த்தது போலத் தகதகவென்று மின்னுகிறது. விளம்பரத் தாளில் பார்த்த அதே உச்சி!

ஆனால் கீழே? ஓட்டல் வாசலில் பச்சைப் புல் முளைத்திருக்கிறது. மாடு மேயாததுதான் பாக்கி! புல்லின் நடுவே, பாய் விரித்தது போல ஒரு துண்டுப் பனி. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு உரிய இடம் அதுதான். பகல் பதினொரு மணிக்கு அதுவும் சொதசொதவென்று கரைகிறது.

குழந்தைகளின் முகம் வாடுகிறது. அப்பா, கையில் இருக்கும் ரசீதைப் பார்க்கிறார்.

வசந்த காலத்தில் இப்படி ஏமாந்து திரும்பும் குடும்பங்கள் உண்டு. ஆனால் இது தலைவிதி அல்ல. தவிர்க்கக் கூடிய ஏமாற்றம். பணம் கட்டுவதற்கு முன்பு மூன்றே மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

விளம்பரம் பொய்யா?

அந்த ஊர்க்காரர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. "ஏப்ரல் கடைசி வரை பனி உண்டு" என்றார்கள். உண்மையிலேயே உண்டு. எங்கே உண்டு? மலையின் மேல் பகுதியில். அங்கே சறுக்கப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். கைதேர்ந்தவர்களுக்குத்தான் அது பயன்படும்.

புதியவர் எங்கே பழகுவார்? பெரும்பாலான ஊர்களில் அடிவாரத்தில், ஊரை ஒட்டிய சமமான இடத்தில். அங்கேதான் சரிவு குறைவு. விழுந்தாலும் அடி படாது. பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருக்கும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வெயில் ஏறியதும் பனி முதலில் கரைவது அடிவாரத்தில். கடைசியில் கரைவது உச்சியில். ஆகவே கைதேர்ந்தவருக்குப் பருவம் முடியப் பல வாரங்கள் இருக்கும்போதே, புதியவருக்குப் பருவம் முடிந்துவிடுகிறது! ஒரே மலை. ஒரே நாள். ஒருவருக்குப் பனி, இன்னொருவருக்குச் சேறு.

பருவத்தின் கடைசியில் போகும் புதியவர் இதை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். உச்சியின் உயரம் அவருக்குத் தேவை இல்லை. பழகும் இடத்தின் உயரமே தேவை.

பருவக் கடைசியில் ஏன் போகிறார்கள்?

"அப்படியானால் ஜனவரியிலேயே போகலாமே!" என்று கேட்கலாம். போகலாம்தான். ஆனால் பருவக் கடைசிக்கும் சில சிறப்புகள் உண்டு.

ஜனவரியில் ஆல்ப்ஸ் மலையில் பகல் குறைவு. குளிர் எலும்பைத் துளைக்கும். சின்னக் குழந்தைகள் அரை மணி நேரத்தில் அழத் தொடங்கிவிடுவார்கள். ஏப்ரலில் பகல் நீளம். வெயில் இதமாக இருக்கும். பள்ளி விடுமுறை இல்லாத வாரங்களில் கூட்டம் குறையும். அறை வாடகையும் பல ஊர்களில் இறங்கும். பயந்து பயந்து பழகுகிறவருக்குக் கூட்டம் இல்லாத பாதை ஒரு வரம்.

ஆனால் "ஈஸ்டர் விடுமுறை" என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. ஈஸ்டர் பண்டிகை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். மார்ச் 22-ந் தேதிக்கும் ஏப்ரல் 25-ந் தேதிக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரும். 2024-ல் மார்ச் 31-ந் தேதி வந்தது. 2025-ல் ஏப்ரல் 20-ந் தேதி வந்தது. கிட்டத்தட்ட மூன்று வார வித்தியாசம்! வசந்த காலத்தில் மூன்று வாரம் என்பது பனிக்கு ஒரு யுகம். "போன ஈஸ்டருக்கு அண்டை வீட்டுக்காரர் போய் வந்தார், நல்ல பனியாம்" என்பதை நம்பி அதே ஊருக்குப் போவது ஆபத்து. பண்டிகையைப் பார்க்கக் கூடாது. தேதியைப் பார்க்க வேண்டும்.

ஒரே நாளில் மூன்று பனி

வசந்த காலத்துப் பனி ஒரு நாளைக்கு மூன்று வேஷம் போடும்.

இரவில் குளிர். முந்தின நாள் கரைந்த பனி மறுபடியும் உறைகிறது. காலையில் பார்த்தால் கண்ணாடி போல இறுகிக் கிடக்கும். கட்டையின் ஓரம் அதில் பிடிக்காது. வழுக்கிக்கொண்டே போகும்.

பிறகு வெயில் ஏறுகிறது. மேல் பரப்பு மட்டும் இளகி, கற்கண்டு மணிகள் போல உதிரும். இதுதான் பழகுவதற்குப் பொன்னான நேரம். கட்டை சொன்னபடி கேட்கும்.

நண்பகல் தாண்டியதும் பனி நொந்து கூழாகிறது. கட்டை அதில் புதைகிறது. கட்டை நின்றுவிடும், உடம்பு நிற்காது! முழங்கால் திருகிக்கொள்ளும். பனிச்சறுக்கில் அதிகமாக அடிபடும் உறுப்பு முழங்கால்தான். களைத்துப்போன மாலை வேளையில், கனத்த ஈரப் பனியில், இன்னும் சரியாகத் திரும்பத் தெரியாத ஒருவர் "கடைசியாக ஒரே ஒரு தடவை" என்று இறங்குவது வம்பை விலை கொடுத்து வாங்குவதாகும்.

புதியவர் முதலில் கற்பது ஆப்பு வித்தை. இரண்டு கட்டைகளின் முன்முனைகளையும் சேர்த்து, பின்முனைகளை அகற்றி, ஆப்பு வடிவில் வைத்தால் வேகம் குறையும். இறுகிய பனியில் இந்த ஆப்பு பிடிக்காது. கூழ்ப் பனியில் ஆப்பை அகற்றவே தொடை வலிக்கும். ஆகவே பொன்னான அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் வகுப்பு அமைய வேண்டும். பருவக் கடைசியில் பாதி நாள் வகுப்பே லாபம். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் வகுப்பும், பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் வகுப்பும் புதியவருக்கு ஆகாது. பகல் உணவுக்கு முன்பாகக் கட்டையைக் கழற்றிவிட்டு, பிற்பகலில் குழந்தைகளை ஊர் சுற்றிக் காட்டுகிறவரே கெட்டிக்காரர்.

முதல் கேள்வி: பழகும் இடம் எத்தனை மீட்டர் உயரம்?

மலையில் 1,000 மீட்டர் ஏறினால், காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி சென்டிகிரேடு குறையும். இந்தக் கணக்கு ஒன்று போதும், ஊர்களை எடை போட.

ஆஸ்திரியாவில் கிட்ஸ்புஹெல் என்று ஓர் ஊர். உலகப் புகழ் பெற்றது. 1931 முதல் அங்கே நடக்கும் ஹானன்காம் பந்தயத்தைப் பார்க்க ஜனவரி மாதத்தில் ஜனங்கள் திரள்வார்கள். சறுக்குப் பாதைகள் சுமார் 2,000 மீட்டர் உயரம் வரை போகின்றன. ஆனால் ஊர் இருப்பது 762 மீட்டரில்!

பிரான்சு நாட்டில் வால் தொரன்ஸ் என்று ஓர் ஊர். பழைய அழகு எதுவும் கிடையாது. 1970-க்குப் பிறகு, சறுக்குவதற்கென்றே கட்டிய ஊர். ஆனால் அந்த ஊரே 2,300 மீட்டரில் இருக்கிறது. புதியவர் வாசற்படியை விட்டு இறங்கினால் அங்கேயே 2,300 மீட்டர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்ஸ்புஹெல் தெருவில் 13 டிகிரி இருக்கும் ஒரு நாளில், வால் தொரன்ஸ் தெருவில் சுமார் 3 டிகிரிதான் இருக்கும். ஓர் இடத்தில் பனி ஓடையாகிறது. மற்ற இடத்தில் இன்னும் பனியாகவே கிடக்கிறது. ஜனவரியில் இரண்டும் நல்ல ஊர்கள். ஏப்ரல் நடுவில், புதியவருக்கு இரண்டும் ஒன்று அல்ல.

இந்த வகையில் நம்பத்தக்க ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஆஸ்திரியாவில் ஓபர்குர்கல் 1,930 மீட்டரில் இருக்கிறது. 1931-ல் பலூனில் ஏறி, அதுவரை எந்த மனிதனும் போகாத உயரத்துக்குப் போய் வந்தார் விஞ்ஞானி அகஸ்ட் பிக்கார்ட். அவர் வந்து இறங்கியது இந்த ஊருக்கு மேலே உள்ள பனியாற்றில்தான்! சிறிய ஊர், சாந்தமான சரிவுகள், குடும்பங்களுக்கு ஏற்றது.

இத்தாலியில் செர்வீனியா 2,050 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கம்பி வண்டியில் ஏறினால் பிளான் மெசோன் என்ற மேட்டு நிலம், 2,555 மீட்டர். பழகுகிறவர்களுக்கான இடம் அங்கே, உயரத்திலேயே இருக்கிறது. ஊரில் பனி கரைந்தாலும் கவலை இல்லை. மேலே போய்ப் பழகிவிட்டு, வண்டியிலேயே கீழே வந்துவிடலாம்.

இரண்டாம் கேள்வி: எந்தத் திசை பார்த்த சரிவு?

உயரம் மட்டும் போதுமா? போதாது. திசையும் வேண்டும்.

ஆல்ப்ஸ் மலை பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருக்கிறது. அங்கே சூரியன் எப்போதும் தெற்கு வானில்தான் போகும். ஆகவே தெற்குப் பார்த்த சரிவு நாள் முழுவதும் வெயில் குடிக்கும். வடக்குப் பார்த்த சரிவு நிழலில் கிடக்கும்; பனியைக் காப்பாற்றி வைக்கும்.

பிரான்சில் ஆல்ப் துயெஸ் என்ற ஊரை எடுத்துக்கொள்ளலாம். 1,860 மீட்டர் உயரம். ஊருக்கு நேர் மேலே அகலமான, சாதுவான சரிவுகள். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. அதற்கு "வெயில் தீவு" என்றே செல்லப் பெயர். ஜனவரியில் அந்தப் பெயர் இனிக்கும். ஏப்ரலில் அதே பெயர் கசக்கும்! தெற்குப் பார்த்த சரிவு என்பதால் பகலிலேயே பனி கூழாகிவிடும். அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படும் புதியவர், பிப்ரவரியிலோ மார்ச் முதல் பாதியிலோ போவது நல்லது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. காலை வெயில் முதலில் கிழக்குச் சரிவில் விழுகிறது. அங்கே பனி முதலில் இளகும். அடுத்தது தெற்கு. கடைசியில் மேற்கு. நல்ல வாத்தியார் இதைத் தெரிந்துகொண்டு, வெயிலோடு வெயிலாக மாணவர்களை இடம் மாற்றிக் கூட்டிப்போவார்.

மூன்றாம் கேள்வி: இறங்க வண்டி உண்டா?

மேலே உயரத்தில் பழக இடம் இருக்கிறது. சரி. மாலையில் எப்படி இறங்குவது?

சில மலைகளில் மேலே ஏற வண்டி உண்டு. ஆனால் வருகிறவர்கள் சறுக்கிக்கொண்டே இறங்குவார்கள் என்று எதிர்பார்ப்பார்கள். ஊருக்கு வரும் கடைசிப் பாதை செங்குத்தாக இருக்கலாம். பருவக் கடைசியில் அது கல்லும் மண்ணுமாகக் கிடக்கலாம். அங்கே ஒரு குழந்தையை நிறுத்திவிட்டு, "இறங்கு" என்று சொல்ல முடியுமா? ஆகவே கீழே வரவும் வண்டியில் இடம் உண்டா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

ஏறும் சாதனத்தையும் விசாரிக்க வேண்டும். புதியவருக்குச் சுலபமானது தரையோடு தரையாக நகரும் பட்டை. அதன்மேல் நின்றால் போதும், தானே மேலே கொண்டுபோய் விடும். "மந்திரக் கம்பளம்" என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு போகும் இழுவையில் முதல் நாளே ஏறினால், பாதி வழியில் விழுந்து எழுவதிலேயே பொழுது போய்விடும்.

பாதையின் நிறத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சில் மிகச் சுலபமான பாதை பச்சை. அடுத்தது நீலம், பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பொதுவாகப் பச்சை கிடையாது, நீலத்தில்தான் தொடங்கும். ஆகவே "நீலம்" என்றால் எல்லா நாட்டிலும் ஒன்றே என்று எண்ணக் கூடாது. பச்சையும் நீலமும் பழகும் இடத்தை ஒட்டியே இருக்கின்றனவா? அப்படியானால் மூன்றாம் நாள், நான்காம் நாள் பயிற்சிக்கு வேறு எங்கும் அலைய வேண்டியது இல்லை.

பெயரைப் பார்த்து மயங்கலாமா?

ஆஸ்திரியாவில் சங்க்ட் அன்டோன் என்ற ஊருக்குச் சரித்திரத்தில் தனி இடம் உண்டு. 1907-ல் ஹானஸ் ஷ்னைடர் என்ற இளைஞர் அங்கே பனிச்சறுக்கு வாத்தியாராக வந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு அங்கே ஒரு பள்ளியை நிறுவினார். ஆப்பு வித்தையில் தொடங்கி, படிப்படியாகத் திருப்பங்களைக் கற்றுத் தரும் அவருடைய முறை உலகம் எங்கும் பரவியது. இன்று பனியில் கால் வைக்கும் புதியவர்கள் அந்த முறைக்குக் கடன்பட்டவர்கள்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! அந்த ஊரின் மலைகள் இன்று பெயர் பெற்றிருப்பது கைதேர்ந்தவர்களிடம். சரிவுகள் கடுமையானவை. ஊரோ 1,304 மீட்டரில். பள்ளிக்கூடம் வளர்ந்த ஊர்தான். ஆனால் ஏப்ரலில் முதல் வகுப்புப் படிக்க அது முதல் இடம் அல்ல. ஊரின் புகழ் வேறு. பிள்ளை பழகுவதற்கான வசதி வேறு.

உயரமும் அளவோடு!

"அப்படியானால் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லதா?" அதுவும் இல்லை.

மிக உயரத்தில் மரங்கள் வளராது. மேகம் இறங்கினால் வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. பழகினவர்களே திணறுவார்கள். காற்று பலமாக அடித்தால் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள்.

சுவிட்சர்லாந்தில் செர்மாட் ஊருக்கு மேலே, 3,883 மீட்டர் உயரம் வரை கம்பி வண்டி போகிறது. அங்கே பனியாற்றின் மேல் ஆண்டு முழுவதும் சறுக்கலாம். பனிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அந்த உயரத்தில் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். சின்னக் குழந்தைகளுக்கு முதல் பாடம் நடத்தும் இடம் அது அல்ல. ஊர் அல்லது பழகும் இடம் 1,900 முதல் 2,600 மீட்டருக்குள் இருந்தால், ஏப்ரல் மாதக் குடும்பத்துக்கு அது போதும்.

வெயிலையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சூரியனின் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவிகிதம் கூடும். புதுப் பனி அந்தக் கதிரில் 80 சதவிகிதம் வரை திருப்பி அடிக்கும். மேலிருந்தும் வெயில், கீழிருந்தும் வெயில்! கறுப்புக் கண்ணாடியும் முகத்துக்குப் பூசும் களிம்பும் இல்லாமல் குழந்தைகளை வெளியே அனுப்பக் கூடாது.

எந்திரப் பனி கைகொடுக்குமா?

"பனி இல்லாவிட்டால் எந்திரம் வைத்துப் பொழிகிறார்களாமே!" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். தண்ணீரைப் பொடித் துளிகளாகக் காற்றில் அடிக்கிறார்கள். துளிகள் உறைந்து பனியாக விழுகின்றன. ஆனால் அதற்கும் குளிர் வேண்டும். பொதுவாகச் சுழிக்குக் கீழே இரண்டு டிகிரியாவது இறங்க வேண்டும். தாழ்ந்த ஊரில் ஏப்ரல் மாதப் பகலில் அது நடக்காது. குளிர்காலத்தில் பொழிந்து குவித்து வைத்த பனி சில நாள் தாக்குப் பிடிக்கும். அவ்வளவுதான். எந்திரம் இருக்கிறது என்ற தைரியத்தில் முன்பணம் கட்டக் கூடாது.

பணத்தை எங்கே மிச்சம் பிடிப்பது?

வால் தொரன்ஸ் உள்ளிட்ட மூன்று பள்ளத்தாக்குகளில் மொத்தம் 600 கிலோ மீட்டர் நீளத்துக்குச் சறுக்குப் பாதைகள் உண்டு. அத்தனைக்கும் செல்லுபடியாகும் டிக்கெட் விலை அதிகம். முதல் வாரம் பழகுகிறவருக்கு 600 கிலோ மீட்டர் எதற்கு? அவருக்கு வேண்டியது 600 அடி! பல ஊர்களில் பழகும் இடத்துக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு. சில இடங்களில் சின்ன இழுவைகளில் இலவசமாகவே ஏறலாம். அதில் மிச்சமாகும் பணத்தை வாத்தியாருக்குக் கொடுப்பது நல்லது. வாத்தியார் இல்லாமல் பழகி, முழங்காலை ஒடித்துக்கொண்டு, வைத்தியருக்குக் கொடுப்பதைவிட அது மலிவு.

பள்ளி எந்தத் தேதி வரை நடக்கும் என்றும் கேட்க வேண்டும். பருவத்தின் கடைசி வாரத்தில் சில வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். குழந்தைகள் வகுப்பை மூடிவிடுவார்கள். "ஊர் திறந்திருக்கிறது" என்பதும், "புதியவர் வகுப்பு நடக்கிறது" என்பதும் ஒன்றல்ல.

குல்மார்க்கில் எப்படி?

இந்தியாவில் பனிச்சறுக்குக்குப் பெயர் பெற்ற இடம் காஷ்மீரத்துக் குல்மார்க். உயரம் சுமார் 2,650 மீட்டர். புதியவர்கள் பழகுவது ஊர் மட்டத்தில் உள்ள கிண்ணம் போன்ற புல்வெளியில். கம்பி வண்டியின் முதல் பகுதி 1998-ல் திறக்கப்பட்டது. 3,000 மீட்டருக்கு மேலே உள்ள கொங்டூரிக்கு அது போகிறது. 2005-ல் திறந்த இரண்டாம் பகுதி 3,900 மீட்டரையும் தாண்டி அபர்வத் மலைக்கு ஏறுகிறது. மேலே உள்ள அந்தச் சரிவுகளில் பனிச் சரிவு அபாயம் உண்டு. புதியவர் அங்கே கட்டையோடு போகவே கூடாது.

"வால் தொரன்சைவிடக் குல்மார்க் உயரம் ஆயிற்றே! அங்கேயும் ஏப்ரலில் போகலாமா?" என்று கேட்கலாம். கூடாது. காஷ்மீரம் ஆல்ப்ஸ் மலையைவிடத் தெற்கே இருக்கிறது. அங்கே வெயில் கடுமை அதிகம். உயரம் ஒன்றே எல்லாம் அல்ல என்பதற்கு நீலகிரியின் தொட்டபெட்டாவே சாட்சி. அதுவும் 2,637 மீட்டர், கிட்டத்தட்டக் குல்மார்க்கின் உயரம்தான். ஆனால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே உறைபனி படருமே தவிர, சறுக்கும் பனி கிடையாது. ஆகவே குல்மார்க்கில் புதியவருக்கு மார்ச் முதல் பாதியே பருவக் கடைசி.

அதுவும் இப்போது நிச்சயம் இல்லை. 2024 ஜனவரியில், பனி மூடிக் கிடக்க வேண்டிய குல்மார்க் வெறும் தரையாகக் காட்சி அளித்தது. 2025-ல் பிப்ரவரி 22-ந் தேதி அங்கே தொடங்க இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனி போதாமல் தள்ளி வைக்கப்பட்டன. பிறகு பனி விழுந்தது. மார்ச் 9-ந் தேதி முதல் 12-ந் தேதி வரை போட்டிகள் நடந்தன. அரசாங்கப் போட்டிக்கே இந்தக் கதி என்றால், முன்பணம் கட்டிய குடும்பத்துக்கு என்ன உத்தரவாதம்?

பலகையில் எழுதட்டும்!

இது வெறும் விடுமுறைப் பிரச்சினை அல்ல. மலைகள் சூடாகி வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஆல்ப்ஸ் பகுதியின் வெப்பம் சுமார் 2 டிகிரி ஏறிவிட்டது. ஆல்ப்ஸ் மலையின் பனி அளவுகளைத் தொகுத்து 2021-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, 2,000 மீட்டருக்குக் கீழே பனி கிடக்கும் காலம் ஐம்பது ஆண்டுகளில் மூன்று வாரத்துக்கு மேல் சுருங்கிவிட்டதாகக் கூறியது. இந்த இழப்பு முதலில் யார் தலையில் விழுகிறது? அடிவாரத்தில் பழகும் புதியவர் தலையில்.

ஆகவே சறுக்கு ஊர்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு கடமை உண்டு. "உச்சியில் பனி இத்தனை அடி" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். போடட்டும். அதன் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், "புதியவர் பழகும் இடத்தில் பனி இத்தனை அங்குலம், அதன் உயரம் இத்தனை மீட்டர், அது பார்க்கும் திசை இது" என்றும் போட வேண்டும். பழகும் இடத்தை மூடிவிட்டால் வகுப்புப் பணத்தைத் திருப்பித் தருவோம் என்றும் அச்சடிக்க வேண்டும். இன்று பழகுகிறவர்தான் நாளை கைதேர்ந்தவர். முதல் நாளே சேற்றில் விழுந்து, முழங்கால் திருகி, மனம் வெறுத்துப் போகிறவர் மறுபடியும் அந்த மலைப் பக்கம் திரும்பிப் பார்ப்பாரா?

அவர்கள் எழுதும் வரை, கேட்பது குடும்பத்தின் கையில் இருக்கிறது. பழகும் இடம் எத்தனை மீட்டர்? எந்தத் திசை? இறங்க வண்டி உண்டா? மூன்று கேள்விக்கும் ஓட்டல்காரர் பளிச்சென்று பதில் சொன்னால் முன்பணம் கட்டலாம். "உச்சியில் நல்ல பனி இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஜன்னலைத் திறக்கும் குழந்தை முதலில் பார்ப்பது உச்சியைத்தான். ஆனால் அது கால் வைக்கப் போவது அடிவாரத்தில். இதை நினைவில் வைத்து ஊரைத் தேடும் பெற்றோருக்கு, ஏப்ரல் மாதத்திலும் ஏமாற்றம் இல்லை!